எட்டுக்கும் பதினாறுக்கும் இடையில்

உள்ளே இருட்டறையில் ஸ்டூடியோக்காரர் சிற்றம்பலம் மாஸ்டர் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிக்கொண்டிருந்தார். கதவுக்கு இந்தப் பக்கம் ஸ்டூலில் உட்கார்ந்திருந்த ராயப்பனுக்கு அது சுவருக்கு அப்பால் யாரோ காய்ச்சலில் முனகுவது மாதிரிக் கேட்டது. ரோல் கழுவும்போது மாஸ்டர் கடிகாரம் பார்ப்பதில்லை. ஃபிலிமின் இரண்டு முனைகளையும் இரண்டு கையில் பிடித்துக்கொண்டு, மருந்துத் தட்டில் ஏற்றி இறக்கி, வாயாலேயே எண்ணுவார். நடுவில் இருமல் வந்தால் எண்ணிக்கை நிற்காது, இருமலுக்குள்ளேயே ஓடும். ராயப்பன் கையில் கத்தரிக்கோல் இருந்தது. நேற்றைய பாஸ்போர்ட் படங்களின் ஓரங்களை வெட்டச் சொல்லிவிட்டுத்தான் மாஸ்டர் உள்ளே போயிருந்தார். ஒரு படத்தை வெட்டினான், இன்னொன்றை எடுத்தான், அதையும் கீழே வைத்துவிட்டான். உள்ளே தட்டில் ஏறி இறங்குகிற ரோலில் பன்னிரண்டு படம். எல்லாம் கடல் கடந்து அக்கரைக்கு அனுப்பப்படுகிற சனத்தின் பாஸ்போர்ட்டுக்காகக் காலையில் வெள்ளைப்பாறைத் தோட்டத்தில் அவன் எடுத்தவை. எட்டாவது படத்தில் தவமணியும் அவள் புருஷனும் இருந்தார்கள். இருக்கிறார்களா இல்லையா என்பதுதான் தெரியவில்லை. கட்டைவிரல் கேமராக் கண்ணின் ஓரத்துச் சின்ன நெம்புகோலைத் தள்ளியபோது எத்தனை தரம் 'டிக்' என்றது? ஒரு தரமா, இரண்டு தரமா? எட்டிலிருந்து பதினொன்றுக்கு ஒரு டிக். பதினொன்றிலிருந்து பதினாறுக்கு இன்னொன்று. இரண்டுதான். இரண்டு என்றுதான் விரலுக்கு ஞாபகம். ஆனால் விரலின் ஞாபகத்தை எவ்வளவு தூரம் நம்புவது, அந்த நேரம் விரல் விறைத்துப்போயிருந்தது, பனி அப்படி இறங்கியிருந்தது, அவள் வேறு அந்த வார்த்தையைச் சொல்லி முடித்திருந்தாள்.

எண் கூடக்கூடக் கேமராவின் கண் சிறுத்துக்கொண்டே போகும். எட்டில் நுழைகிற வெளிச்சத்தில் பாதிதான் பதினொன்றில் நுழையும், அதிலும் பாதிதான் பதினாறில். அப்படியென்றால் கால் பங்கு. கால் பங்கு வெளிச்சத்தில் ஒரு முகம் ஃபிலிமில் விழுமா, விழாதா? இதை இன்னொருவன் கேட்டிருந்தால் ராயப்பன் யோசிக்காமல் பதில் சொல்லியிருப்பான். ஃபிலிம் நல்ல மனசுக்காரன், ஒரு எண் தப்பினால் மன்னித்துவிடுவான், இரண்டு தப்பினால் முனகிக்கொண்டே மன்னிப்பான், நாலு தப்பினால்தான் கைவிடுவான் என்று. மாஸ்டர் சொல்லிக்கொடுத்ததில்லை, கெடுத்துக் கெடுத்துத் தானே தெரிந்துகொண்டது. அப்படித் தெரிந்திருந்தும் விரல் ஏன் பதினாறில் நின்றது? அதற்கு அடுத்தது இருபத்திரண்டு. இன்னும் ஒரு டிக். பிறகு ஷட்டரை ஐம்பதிலிருந்து இருநூறுக்குத் திருப்பியிருந்தால் கதை முடிந்திருக்கும், அந்தச் சதுரம் வெறும் கண்ணாடி மாதிரி வெளியே வந்திருக்கும். ஏன் நின்றான்? அவன் நிற்கவில்லை, விரல்தான் நின்றது என்று நினைத்துப் பார்த்தான். பசி வேறு. காலையில் தோட்டத்துக்கு லொறியில் ஏறும்போது வெறும் தேத்தண்ணீர் குடித்தது. ரொட்டிக்கடைப் பாண் கியூவில் அவன் பெண்சாதி பிலோமினா விடியுமுன்பே போய் நின்றாள், அவள் திரும்புமுன் இவன் கிளம்பிவிட்டான். கிடைத்ததோ கிடைக்கவில்லையோ. பிள்ளைகள் இரண்டும் கம்பளிக்குள் ஒன்றையொன்று உதைத்துக்கொண்டு கிடந்தன.

வெளிச்சம் அளக்கிற மீட்டர் இருந்திருந்தால். இதுவும் ஒரு நினைப்பு. மீட்டர் இருந்திருந்தால் ஊசி ஒரு எண்ணைக் காட்டியிருக்கும், அவன் அதை வைத்திருப்பான், அவள் கேட்டிருந்தாலும், மெஷின் சொல்லுது தங்கச்சி, நான் என்ன செய்ய என்று சொல்லியிருக்கலாம். மாஸ்டரின் மீட்டர் போன வருஷமே செத்துப்போனது. சாமான் எதுவும் வெளிநாட்டிலிருந்து வருவதில்லை. மீட்டர் வராது, நல்ல பேப்பர் வராது, ஃபிலிம்கூட யாரிடமாவது கெஞ்சித்தான். மாஸ்டர் அந்தச் செத்த மீட்டரைத் தோல் உறைக்குள் போட்டு மேசை லாச்சியில் வைத்துவிட்டு, "இனி உம்மட கண்தான் மீட்டர்" என்று சொன்னார். சொன்ன அன்று ராயப்பனுக்குப் பெருமையாக இருந்தது. தோட்டத்து லயத்து வரிசை வீட்டில் பிறந்தவன், அப்பன் தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டிய கை, அவன் கண்ணை ஒரு யாழ்ப்பாணத்து மனுஷர் மீட்டர் என்கிறார். இன்றைக்கு அந்தப் பெருமையை நினைத்தால் தொண்டையில் மருந்து வாடைதான் ஏறியது. கதவின் அடியிலிருந்து வருகிற புளித்த வாடை. கண்தான் மீட்டர் என்றால் கண் சொன்னதற்கெல்லாம் அவன்தான் பொறுப்பு. மெஷின் மேல் போட முடியாது.

ஆனால் பனியில் கண் பொய் சொல்லும். வெயிலில் சுலபம். கையை நீட்டி உள்ளங்கையைப் பார்த்தால் போதும், விரலின் நிழல் கத்தியால் வெட்டிய மாதிரி விழுந்தால் ஒரு கணக்கு, ஓரம் மங்கினால் ஒரு கணக்கு. பனி இறங்கிவிட்டால் நிழலே கிடையாது. எல்லாப் பக்கத்திலிருந்தும் வெள்ளையாக ஒரு வெளிச்சம் வருகிற மாதிரித் தெரியும், அதை நம்பி அடித்தால் படம் அடுப்புக்கரி. அதற்கு ராயப்பன் ஒரு வழி வைத்திருந்தான். எதிரே நிற்கிறவரின் கண்ணைப் பார்ப்பான். கண்ணின் நடுக் கருப்பு விரிந்திருந்தால் வெளிச்சம் குறைவு, சுருங்கியிருந்தால் வெளிச்சம் தாராளம். மனுஷருக்கு வாய் பொய் சொல்லலாம், அந்தக் கருப்புச் சொல்லாது. காலையில் ஆட்களைப் பேர் கூப்பிடுகிற பெரட்டுக் களத்தில், கொழுந்து நிறுக்கிற மடுவத்துச் சுவரை ஒட்டி அழுக்கு வேட்டி ஒன்றைக் கட்டித் தொங்கவிட்டு, அதற்கு முன்னால் பெஞ்சியைப் போட்டு, ஒவ்வொரு சோடியாக உட்காரவைத்தான். ஒவ்வொருவர் முகத்துக்கும் பக்கத்தில் போய்க் கண்ணைப் பார்த்தான். கண் கெட்டுப்போச்சான்னு பாக்கிறியா தம்பி என்று ஒரு கிழவர் கேட்டார், சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். சிரிக்கிற அளவுக்கு இன்னும் தெம்பு இருந்தது. மாவுப் பங்கீடு குறைந்து, கீரையையும் கிழங்கையும் அவித்துத் தின்றுகொண்டிருந்த சனம். உட்கார்ந்தவர்களின் கன்னத்தில் எலும்பு முன்பைவிட எடுப்பாகத் தெரிந்தது, அது படத்துக்கு நல்லது, நிழல் கிடைக்கும் என்று அவன் மனசு அதன் பாட்டில் கணக்குப் போட்டது. அப்படிப் போட்டதற்காக அப்போதே வெட்கப்பட்டான்.

எட்டாவது சோடி. செல்லமுத்து யாரிடமோ இரவல் வாங்கிய கோட்டைப் போட்டுக்கொண்டு வந்தான், தோள் இரண்டும் வழிந்து தொங்கியது. பின்னால் தவமணி, வயிறு முன்னால் வர, ஒரு கையை இடுப்பில் ஊன்றிக்கொண்டு. ஏழு மாசம் இருக்கும். உட்காருமுன் செல்லமுத்து ராயப்பனின் கையைப் பிடித்துக்கொண்டான். "அண்ணே, மொத தடவையே சரியா விழுந்துரணும்ண்ணே. திருப்பி அனுப்பிட்டான்னா அவ்வளவுதான். இங்க கெடந்து கிழங்கு தின்னே சாகணும். அங்க போனா ஒரு ஏக்கராவது குடுப்பானாம்." யார் சொன்னது என்று ராயப்பன் கேட்கவில்லை. சொல்கிறவர்கள் எல்லாரும் அதைத்தான் சொன்னார்கள். பிறகு கோட்டுக் காலரைச் சரிசெய்துகொள்ள அவன் அந்தப் பக்கம் திரும்பிய நேரம், ராயப்பன் குனிந்து தவமணியின் கண்ணைப் பார்த்தான். கருப்பு நன்றாக விரிந்திருந்தது. எட்டு, ஐம்பது என்று மனசு சொன்னது. அப்போதுதான் அவள் உதடு அசையாமல் சொன்னாள், "அண்ணே, எம் படம் விழாமப் பண்ணிருங்க." அவனுக்கு விளங்கவில்லை. "மூணு மாசம் தள்ளிப்போனாப் போதும். அம்மா இங்கனக்குள்ளதான் இருக்கும், அதுக்குச் சிலோன் எழுதியாச்சு. மொதப் பிள்ளைக்கு அம்மா பக்கத்துல இல்ல, கையிலயே போயிருச்சு. இத நா அம்மா கையில பெத்துட்டுப் போறேன். அவருட்டச் சொன்னாக் கேக்க மாட்டாரு." அவ்வளவுதான். அதற்குள் செல்லமுத்து திரும்பிவிட்டான். அவள் நேராகக் கேமராவைப் பார்த்து உட்கார்ந்துவிட்டாள், எதுவுமே பேசாதவள் மாதிரி. கூட்டத்தில் தலைமுக்காடு போட்டு நின்ற ஒரு நடுவயதுப் பொம்பளை இவர்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதே நெற்றி, அதே தாடை. அது காத்தாயி, அவள் அம்மா, லயத்தில் பாதிப் பிள்ளைகளை ஏந்தியெடுத்த கைக்காரி. ஒரு தாளில் தாய்க்கு இந்த நாடு என்று எழுதி, இன்னொரு தாளில் மகளுக்கு அந்த நாடு என்று எழுதியிருந்தது.

உள்ளே எண்ணிக்கை நின்றது. ராயப்பன் ஸ்டூலிலிருந்து பாதி எழுந்துவிட்டான். தண்ணீர்ச் சத்தம் கேட்டது, பிறகு மறுபடியும் ஒன்று, இரண்டு. படத்தை நிலைக்க வைக்கிற ஹைப்போவுக்கு வரவில்லை, மருந்தில்தான் இன்னும் இருக்கிறது, மாஸ்டர் நடுவில் கையைக் கழுவியிருப்பார். மருந்தில் இருக்கிற வரைக்கும் ஃபிலிம் வெளிச்சத்துக்குப் பயந்தது. இந்தக் கதவு விரற்கடை திறந்தால் போதும். உள்தாழ்ப்பாள் போன மழைக்கே துருப்பிடித்து விழுந்துவிட்டது, மாஸ்டர் ஒரு கயிறு கட்டி வைத்திருக்கிறார், சில நாள் அதையும் மாட்ட மறந்துவிடுவார். தவறிக் கைபட்ட மாதிரி. ஸ்டூல் சரிந்து தோள் மோதின மாதிரி. அவன் பார்வை கதவின் மரத்தில் ஒரு முடிச்சுமேல் போய் நின்றது. திறந்தால் எட்டாவது படம் போகும். கூடவே மற்றப் பதினொன்றும் போகும். முதல் படத்தில் இருக்கிற கிழவனும் கிழவியும் மூன்று தரம் பேர் வந்து மூன்று தரம் தவறிப்போனவர்கள், மகன் அங்கே போய்விட்டான், இவர்கள் இங்கே. கிழவி பெஞ்சியில் உட்கார்ந்ததும், "தம்பி, இந்த வாட்டியாவது எம் மகங்கிட்டப் போயிருவேனா?" என்று கேட்டாள், அவன்தான் முத்திரை குத்துகிறவன் மாதிரி. ஐந்தாவது படத்தில் இரண்டு கைப்பிள்ளைகளுடன் ஒருத்தி, அவளுக்குப் பால் வற்றிவிட்டது, போனால் போதும் என்றாள். அவர்களுக்கெல்லாம் கதவு சாத்தியே இருக்கவேண்டும். தவமணிக்கு மட்டும் திறக்கவேண்டும். ஒரே கதவு. அவன் மெல்ல மறுபடியும் உட்கார்ந்தான். கீழே வைத்த படத்தை எடுத்து ஓரத்தை வெட்டினான்.

அக்காவைப் படம் எடுத்தபோது இப்படியெல்லாம் இல்லை. அந்த நினைப்பு வேண்டாம் என்று ஒதுக்கினான், அது வேறு பக்கமாகச் சுற்றிக்கொண்டு வந்தது. ஞானம்மாக்காவை மாதா கோயிலின் பக்கச் சுவரண்டை நிறுத்தி எடுத்தது. வெள்ளையடித்த சுவர், எதிர்ப்பக்கம் மாலை வெயில், சுவரில் பட்டுத் திரும்பி அவள் முகத்தில் பால் ஊற்றின மாதிரி விழுந்தது. பதினொன்று, நூறு. மீட்டர் அன்றைக்கும் இல்லை. யோசிக்கவே இல்லை, பார்த்த உடனே தெரிந்தது. அவன் வாழ்நாளில் அப்படி ஒரு நெகட்டிவ் விழுந்ததில்லை. ஒவ்வொரு முடியும் தனித்தனியாக, மூக்குத்தியில் ஒரு புள்ளி. அக்கா படத்தைப் பார்த்துவிட்டு, "ஏன்டா, நானா இது? சினிமாக்காரி மாதிரி இருக்கேன்," என்று சொல்லிச் சிரித்தாள். அந்தப் படத்தைப் பார்த்து எந்த ஆபீஸும் எந்தக் குறையும் சொல்லவில்லை. நாளே ஆகவில்லை, எல்லாம் மளமளவென்று நடந்தது. அட்டன் ஸ்டேசனில் கோச்சி நகர்ந்தபோது பெட்டி முழுக்க ஒரே ஒப்பாரி, பிளாட்பாரத்தில் நின்றவர்களும் கோச்சிக்குள் இருந்தவர்களும் ஒரே குரலாக அழுதார்கள், எந்தக் குரல் போகிறது, எந்தக் குரல் நிற்கிறது என்று தெரியவில்லை. அக்கா மட்டும் அழவில்லை. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "பிள்ளைகளுக்குத் தலையில எண்ண வைக்கச் சொல்லுடா பிலோமிகிட்ட," என்றாள். அதற்குப் பிறகு ஒரு தகவலும் இல்லை. ஏதோ ஒரு மலையில் கல் உடைக்கிறார்கள் என்று ஒருவன் சொன்னான், முகாமிலேயே இருக்கிறார்கள் என்று இன்னொருவன் சொன்னான். அந்தப் படம் கொஞ்சம் கெட்டிருந்தால்? முகத்தில் ஒரு கீறல், கொஞ்சம் இருட்டு? திருப்பி அனுப்பியிருப்பார்கள், ஆறு மாசம் போயிருக்கும், அதற்குள் ஏதாவது மாறியிருக்குமா? ஒன்றும் மாறியிருக்காது. அக்காவுக்குப் போக ஆசை. அது அவள் முடிவு. இப்படி நூறு தரம் தனக்குத்தானே சொல்லியிருக்கிறான். நூறு தரம் சொல்ல வேண்டியிருக்கிறது என்றால் அதில் ஏதோ ஒட்டவில்லை.

தவமணி கேட்டதைச் செய்தால் செல்லமுத்துவுக்குத் துரோகம். செல்லமுத்து கேட்டதைச் செய்தால் அவளுக்கு. ஒரு சதுரத்துக்குள் இரண்டு பேர், ஒருத்தருக்கு வெளிச்சம் வேண்டும், மற்றவருக்கு இருட்டு வேண்டும். எதை வைத்துத் தீர்மானிப்பது? மூன்று மாசம் தோட்டத்திலேயே இருந்து, கிழங்கும் இல்லாமல், பிள்ளையும் தாயும் சேர்ந்து போய்விட்டால்? அதையும் யோசிக்கவேண்டுமே. இல்லை, கப்பலில் வலி எடுத்தால்? அக்கரையில் இறங்கியதும் மண்டபத்து முகாமில் யார் முகத்தைப் பார்த்துக்கொண்டு பெறுவாள்? இரண்டும் பயமாக இருந்தது. இரண்டு பயத்துக்கும் நடுவில் விரல் எட்டிலிருந்து கிளம்பி, பதினொன்றைத் தாண்டி, பதினாறில் போய் நின்றது. இப்போது உட்கார்ந்து யோசிக்கும்போதுதான் தெரிகிறது, அது இரண்டு பேர் பக்கமும் சேராத ஒரு இடம். படம் விழுந்தால் நான் ஒன்றும் செய்யவில்லை எனலாம், விழாவிட்டால் பனி எனலாம். தனக்கு ஒரு சந்துவிட்டு நின்ற விரல் அது. அவளுக்காக நின்றதில்லை. வேலை போய்விடும், கேமராவை மாஸ்டர் வாங்கி வைத்துவிடுவார், மறுபடியும் லயத்துக் காம்பரா, மறுபடியும் கவ்வாத்துக் கத்தி, பிலோமினா கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு, என்று அந்த ஒரு கணத்துக்குள் எவ்வளவு ஓடியிருக்கிறது பார். ஷட்டர் அடித்த சத்தம் கேட்டதும் அவள் லேசாகத் தலையை ஆட்டினாள், நன்றி சொல்கிற மாதிரி. அதுதான் தாங்க முடியவில்லை. சரி, நல்லா விழுந்துருச்சு என்று அவன் செல்லமுத்துவைப் பார்த்துச் சொன்னான். இரண்டு பேரும் திருப்தியாக எழுந்து போனார்கள்.

கயிறு அவிழ்கிற சத்தம். கதவு திறந்தது. மாஸ்டர் ஈர ஃபிலிமை மாலை மாதிரி இரண்டு கையிலும் தூக்கிக்கொண்டு வெளியே வந்து, ஜன்னலுக்கு நேரே பிடித்தார். சட்டையின் முழங்கை வரைக்கும் ஈரம். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய், மேலேயிருந்து ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தார். ராயப்பன் ஃபிலிமைப் பார்க்கவில்லை, அவர் முகத்தைப் பார்த்தான். எட்டாவதில் அவர் விரல் நின்றது.

"ராயப்பன், இஞ்சை வாரும். மற்றதெல்லாம் நல்ல வடிவா விழுந்திருக்கு. இது ஒண்டு மட்டும் ஏன் இப்பிடி மெல்லிசாக் கிடக்கு?"

"பனி மாஸ்டர்."

"பனி எல்லாருக்கும் ஒண்டுதானே."

"அந்த நேரம் பார்த்து ஒரு படை வந்து மூடிடுச்சு. கண்ணு ஏமாத்திருச்சு மாஸ்டர்."

மாஸ்டர் கண்ணாடியை இறக்கிவிட்டு அவனைப் பார்த்தார். அந்தப் பார்வையில் சந்தேகம் இருந்ததா, இல்லையா என்று அவனுக்குப் பிடிபடவில்லை. ஃபிலிமில் அந்தச் சதுரம் மற்றவற்றைவிட வெளிறி, கழுவித் துடைத்த கண்ணாடி மாதிரி இருந்தது. ஆனால் வெறுமையாக இல்லை. சரித்துப் பிடித்தால் இரண்டு தலை, ஒரு கோட்டுக் காலர், ஒரு சேலைத் தலைப்பு எல்லாம் புகை மாதிரித் தெரிந்தன. மன்னித்துவிட்டது. முனகிக்கொண்டே மன்னித்துவிட்டது. அவனுக்கு ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, ஆறுதலாக இருந்தது. தப்பித்தேன் என்று உடம்பு தன்பாட்டில் மூச்சு விட்டது. அடுத்த நொடியே அந்த மூச்சைத் திரும்ப இழுத்துக்கொள்ள வேண்டும்போல இருந்தது. "மாஸ்டர், நாளைக்குக் காலையில நான் போயி அந்த ஒரு சோடிய மட்டும் திருப்பி எடுத்துட்டு வாரேன்," என்றான். இது ஒரு வழி. நாளைக்குப் போனால் அவளிடம் பேசலாம், இரண்டு நாள், மூன்று நாள் தள்ளலாம்.

"நாளைக்கு விடியவே தோட்டத்துக் கிளாக்கர் எல்லாத்தையும் கட்டிக்கொண்டு கண்டி ஆபீசுக்குப் போறார். இது பிந்தினா அந்தச் சனம் இனி எந்தக் காலத்துக்கு? உம்மட பிழைக்கு அதுகள் ஏன் கிடந்து கஷ்டப்பட வேணும்?" மாஸ்டர் குரலைத் தாழ்த்தினார். "பயப்பிடாதையும். நாலாம் நம்பர் பேப்பர் கொஞ்சம் ஒளிச்சு வைச்சிருக்கிறன். ஒருத்தருக்கும் சொல்லேல்லை. அதில போட்டா எழும்பி வரும்."

அந்தப் பேப்பர் இருப்பது ராயப்பனுக்குத் தெரியாது. மெலிந்த நெகட்டிவைக்கூடத் தூக்கி நிறுத்துகிற பேப்பர், ஊர் முழுக்க இன்றைக்கு ஒரு ஸ்டூடியோவிலும் கிடைக்காது. மகள் கல்யாணத்துக்கோ எதற்கோ எடுத்து வைத்ததாக இருக்கும். அதை இவன் பிழைக்காக எடுக்கிறார். வேண்டாம் மாஸ்டர், வீணாக்காதீங்க என்று சொன்னான், அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஃபிலிமைக் கரியடுப்புக்கு எட்டப் பிடித்துக் காயவைக்கத் தொடங்கிவிட்டார். தும்மல் வராமல் மூக்கைச் சுளித்துக்கொண்டு, குழந்தையைக் குளிர்காய வைக்கிற மாதிரி, திருப்பித் திருப்பி. இப்போது சொல்லலாம். நான் தெரிஞ்சுதான் அடிச்சேன் மாஸ்டர், அந்தப் பிள்ளை கேட்டுச்சு, அதை விட்டுருங்க. ஒரே மூச்சில் சொல்லிவிடலாம். வாய்க்குள் வார்த்தை வரிசையாக வந்து நின்றது. மாஸ்டர் கெட்டவரில்லை, கோபப்பட்டாலும் கேட்பார். கேட்டுவிட்டு என்ன சொல்வார்? புருஷன் என்ன சொன்னான் என்று கேட்பார். புருஷன் நல்லா விழணும்ண்ணே என்று கையைப் பிடித்துக்கொண்டு சொன்னான். அப்போ நீர் ஆர் அதைத் தீர்மானிக்க என்று கேட்பார். அந்தக் கேள்வியை அவர் கேட்குமுன்பே அவன் கேட்டுக்கொண்டு, அதிலேயே தடுக்கி நின்றான். வார்த்தைகள் ஒன்றின்பின் ஒன்றாகக் கலைந்து போயின. "என்ன, ஏதும் சொல்லப் போறீரோ?" என்று மாஸ்டர் திரும்பாமலே கேட்டார். "இல்ல மாஸ்டர்," என்றான்.

பிறகு இரண்டு பேரும் உள்ளே போனார்கள். சிவப்பு பல்ப் எரிந்தது. மாஸ்டர் பேப்பரை வைத்து, வெளிச்சம் கொடுத்து, எடுத்து மருந்துத் தட்டில் நழுவவிட்டார். "எனக்குக் கை நோகுது, நீர் ஆட்டும்," என்றார். ராயப்பன் தட்டின் ஓரத்தைப் பிடித்தான். தட்டு குளிர்ந்திருந்தது. ஒரு பக்கம் தூக்கி, ஒரு பக்கம் இறக்கி. மருந்து பேப்பரின் மேல் போய்ப் போய் வந்தது. ஒன்றும் வரவில்லை. வெள்ளை. வராது, வராமலே போகட்டும் என்று வேண்டினான், கை மட்டும் நிறுத்தாமல், அலை ஒரே சீராகப் போகும்படி ஆட்டிக்கொண்டிருந்தது. கொஞ்சம் தாறுமாறாக ஆட்டினால் திட்டுத் திட்டாக விழும். அது அவனுக்குத் தெரியும். கைக்குத் தெரியவில்லை, அல்லது கைக்கு வேறு விதமாக ஆட்டத் தெரியவில்லை. முதலில் இரண்டு பேரின் தலைமுடி கருத்தது. பிறகு கோட்டு. பிறகு அவன் மீசை. அவள் முகம் எங்கேயோ ஆழத்தில் கிடந்து, மெல்ல மெல்ல, தண்ணீருக்கு அடியிலிருந்து யாரோ மேலே வருகிற மாதிரி வந்தது. நெற்றி, தாடை, கடைசியில் கண்கள். கண்ணின் கருப்பு விரிந்து கிடந்தது. "பாரும், எழும்பி வருது," என்று மாஸ்டர் சின்னப் பையன் மாதிரிச் சந்தோஷப்பட்டார். "கொஞ்சம் கருப்புத்தான். ஆனா ஆளை அடையாளம் தெரியுது. அவங்களுக்கு அது போதும். எடுத்திரும்." ஒரு நொடி தாமதித்தால் இன்னும் கருத்துவிடும். மாஸ்டர் பக்கத்திலேயே நின்றார். ராயப்பன் மூலையைப் பிடித்துத் தூக்கி, மருந்து சொட்ட விட்டு, ஹைப்போத் தட்டில் போட்டான். அதற்குமேல் யாராலும் அவளை அழிக்க முடியாது. அதே மாதிரி இன்னும் மூன்று பிரதி போட்டார்கள். மூன்றிலும் தட்டை அவன்தான் ஆட்டினான்.

வெள்ளை லைட்டைப் போட்டதும் கண் கூசியது. மாஸ்டர் துண்டில் கையைத் துடைத்துக்கொண்டே, "நல்லாக் கழுவும். ஹைப்போ மிச்சம் இருந்தா ஆறு மாசத்தில மஞ்சள் அடிச்சுப் போம்," என்று சொல்லிவிட்டுத் தேத்தண்ணீர் குடிக்கக் கடைக்குப் போனார். ராயப்பன் தனியாக நின்றான். குழாயைத் திறந்துவிட்டான். மலைத் தண்ணீர், விரல் எலும்பு வரைக்கும் குளிர்ந்தது. தொட்டியில் நாலு தவமணி, நாலு செல்லமுத்து, ஒருவர்மேல் ஒருவர் வழுக்கிச் சுற்றிக்கொண்டிருந்தார்கள். ஆறு மாசம் கழித்து மஞ்சள் அடித்தால் யாருக்கு என்ன லாபம் என்று நினைத்தான். அதற்குள் பிள்ளை பிறந்திருக்கும், எங்கேயாவது, யார் கையிலாவது. ஒரு படம் குப்புறக் கவிழ்ந்து அடியில் போய் ஒட்டிக்கொண்டது. அதை நகத்தால் பதமாகக் கிளப்பி நிமிர்த்திப் போட்டான், எல்லாப் பக்கமும் தண்ணீர் படவேண்டுமே. ஒன்றோடொன்று ஒட்டாமல் விரலால் விலக்கி விலக்கி விட்டான். போதுமான நேரம் ஆன பிறகும் குழாயை மூடாமல், மாஸ்டர் திரும்பி வருகிற வரைக்கும் கழுவிக்கொண்டே நின்றான்.